சிவபாதம் சொன்ன மைதானத்துச் சரித்திரம்

நம்பாதவர்கள் விடுங்கள். ரொறன்ரோவில் றிச்மண்ட் ஹில் கோயில் பிள்ளையார் முன்னால் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணித்தான் மங்கையற்கரசி அக்கா இதைச் சொன்னார். 1994 நவம்பர் 5, சனிக்கிழமை. பட்டப்பகல்.

அக்காவின் ஒரே தம்பி சிவபாதம். நோர்வேயில் ஒரு சின்ன மீன்பிடி ஊர். அங்கே உதைபந்தாட்ட மைதானத்தில் புல் வெட்டுகிற வேலை. கடிதம் எழுதப் பஞ்சிப்படுகிற சோம்பேறி. கசெட்டில் பேசி அனுப்புவான்.

அக்கா அவனுக்கு ஒரு சம்பந்தம் பார்த்து, முடிவைக் கேட்டிருந்தார். வந்த கசெட்டின் ஏ பக்கம் முழுக்க மைதானத்தின் சரித்திரம்!

"1929 இல மீன்பிடிகாரர் கல்லுப் பொறுக்கிக் கட்டினவை, அக்கா. சண்டைக்காலத்தில ஜேர்மன்காரன் குதிரை கட்டினவன். 1961 இல மரக்கொட்டகை எரிஞ்சது..."

"விசரன்! கலியாணத்தைக் கேட்டால் கல்லுக்கதை சொல்லுறான்." அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பி பக்கத்தைக் கேட்கவே இல்லை. அதன்மேல் தேவாரத்தைப் பதிந்துவிட்டார்.

அந்தச் சனி. ரொறன்ரோ வோபர்னில் அக்காவின் அப்பாட்மென்ட். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கசெட்டில் தேவாரம் ஓடியது. மணி 1:10.

தேவாரம் நின்றது.

ஸ்ஸ்ஸ்... காற்று. இரும்பு முறுகும் சத்தம். க்ரீச்... க்ரீச்...

"1994 இல..." தம்பியின் குரல். "நவம்பர் அஞ்சு. புயல். லைட் கம்பம் விழுந்தது, அக்கா. கீழ ஒராள் நிண்டது."

ஸ்டொப்பை அமத்தினார்.

குரல் நிற்கவில்லை.

"அக்கா... பி பக்கம் கேட்டனீங்களோ?"

"ஓம்... கேட்டனான்..." அக்காவுக்குப் பயத்தில் வாயில் வந்துவிட்டது.

டக்.

பிறகு தேவாரம்.

பின்னேரம் 4:40க்குப் போன். சிவபாதத்தோடு ஒரே அறையில் இருந்த ரஜிதன். சிவபாதம் கோல் வலையைக் கழற்றப் போனானாம். புயலில் லைட் கம்பம் அவன்மேல் சாய்ந்ததாம். அங்கே இரவு 7:10. ரொறன்ரோவில் அது பகல் 1:10.

அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ரஜிதனும் அழுதான்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. அந்தக் கசெட்டில பி பக்கத்தில உங்களிட்ட ஏதோ கேட்டிருக்கிறன் எண்டவன். நாலு மாசமா மறுமொழியைப் பாத்துக்கொண்டிருந்தவன். எனக்கும் சொல்லேல்ல. என்னக்கா கேட்டவன்?"

அக்கா இன்றைக்கும் அந்தக் கசெட்டைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறார். தேவாரம் மட்டும்தான் ஓடுகிறது.

"பேய்க்குப் பயந்ததை விடு," என்றார் என்னிடம். "சாகிற நேரம் வந்து கேட்டவனிட்ட, பி பக்கம் கேட்டனான் எண்டு பொய் சொல்லிப்போட்டனே..."