துண்டுக்கடியில் ராணியின் கை

ஆடு தொலையும், மாடு தொலையும், திருவிழாக் கூட்டத்தில் பிள்ளை தொலையும். ஊர் எப்படித் தொலையும்? வெள்ளைக்காரன் எடுத்த படங்களில் மட்டும் மாதம் ஒரு ஊர் தொலைந்துகொண்டே இருந்தது. காட்டுக்கு நடுவே பாழடைந்த நகரம். அதில் தன்னந்தனியாக ஒரு ராணி, அவளுக்குத் தலைவாரிவிட நாலு தோழிகள். தொப்பி போட்டவன் ஒருவன் கையில் வரைபடத்தோடு தட்டுத்தடுமாறி வந்து அவள் வாசலில் விழுவான். அப்புறம் சிங்கம், பூகம்பம், கட்டிப்பிடித்தல். எல்லாமே ஒரே நகரம்தானோ என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். அரண்மனைப் படிக்கட்டில் மூன்றாவது படி எல்லாப் படத்திலும் உடைந்திருந்தது.

இந்தக் கண்றாவியை ஆம்பூர் ஜனங்களுக்கு விளக்கிச் சொல்வது என் வேலை. படங்கள் வாய் திறந்து பேசாத காலம் அது. நடுநடுவே திரையில் இங்கிலீஷ் எழுத்து வரும். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தவன். பகலில், தோல் பதனிடும் ஷாப்பில் கப்பலுக்குப் போகும் பொதிகளின் மேல் இங்கிலீஷ் எழுத்து எழுதுவேன். சாயங்காலம் பாலாற்று மணலில் போட்டிருந்த படக் கூடாரத்தில், திரைக்குப் பக்கத்தில் கோலும் கையுமாக நின்று கதையைக் கத்துவேன். இங்கிலீஷில் நாலு வார்த்தை வந்தால் தமிழில் நாற்பது சொல்லுவேன். தொப்பிக்காரன் வெறுமனே "வா" என்றிருப்பான். நான் "கண்ணே, மானே" என்று ஆரம்பித்து அவன் உயிரை எடுத்து ராணியின் காலடியில் வைத்துவிட்டுத்தான் ஓய்வேன். அதைக் கேட்கவே இரண்டாம் தடவை வந்தவர்கள் உண்டு. எனக்குத் தலைக்கனமும் உண்டு.

எங்கள் ஷாப்பில் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழிகளைப் பார்த்துக்கொண்டவர் ஒரு மேஸ்திரி. அவருடைய மகள் மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டு வருவாள். ஒருநாள் பொதியில் நான் ஒரு எழுத்தைத் தலைகீழாகப் போட்டிருந்ததைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. பக்கத்துப் பொதியைப் பார்த்தே தப்பைக் கண்டுபிடித்திருந்தாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

என் அம்மா போய்ப் பெண் கேட்டாள். மேஸ்திரி எடுத்த எடுப்பிலேயே, "கூடாரத்துல கத்தறவனுக்குப் பொண்ணைக் குடுத்துட்டு நான் எந்த மூஞ்சியோட ஷாப்புல நிக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். அம்மா விடவில்லை. கடைசியில் அவர், "ஞாயித்துக்கெழம வந்து ஒரு ஆட்டம் பாக்கறேன். அசிங்கமா எதுனா இருந்துச்சுன்னா அத்தோட பேச்சு முடிஞ்சிது" என்றாராம்.

அந்த வாரம் ஓடிக்கொண்டிருந்த படமோ, அதுவரை வந்தவற்றிலேயே கட்டிப்பிடித்தல் அதிகமான படம். கூடார முதலாளியான சாயபுவிடம் ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு ஏதாவது ஓட்டச் சொல்லிக் கெஞ்சினேன்.

"மெட்ராஸ்லேர்ந்து டப்பா வந்தது வந்ததுதாம்பா," என்றார் அவர். "உனக்கு பேஜாரா இருந்தா நீ கம்மியா பேசு."

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்தார். சுண்ணாம்புக் குழி ஆட்களில் பாதிப் பேரையும் கூட்டிக்கொண்டு முன்வரிசை மணலில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். அவர் மனைவியும் மகளும் மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்கள் இடத்தில் உட்கார்ந்தார்கள்.

தொப்பிக்காரன் காட்டைத் தாண்டி நகரத்துக்குள் நுழைந்தான். தரையில் வரிசையாகச் சதுரக் கல் தொட்டிகள் தெரிந்தன. ராணி நீராடும் தடாகங்கள் என்று எழுத்து வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி எழுந்து நின்றுவிட்டார்.

"இது சுண்ணாம்புக் குழி," என்றார். "வரிசையப் பாரு. ஓரத்துல தோலை இழுத்துப் போடற கல்லு."

சுற்றியிருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெண் கொடுக்க வந்தவரை ஊர் நடுவில் முட்டாளாக்கவா முடியும்?

"மேஸ்திரி சொல்றது சரிதான். இது ராணியம்மாவோட தோல் ஷாப்," என்றேன்.

கூடாரத்தில் ஒரு தெளிவு பிறந்தது. "சரக்கு போவாமதான் ஊர் காலியாய்ட்டிருக்கு," என்றார் ஒருவர். தோல் விலை இறங்கினால் தெருத்தெருவாக வீடு பூட்டிக் கிடப்பதைப் பார்த்தவர்கள் அவர்கள். ஊர் எப்படித் தொலையும் என்பது எனக்கே அன்றுதான் புரிந்தது. அதற்குள் தோழிகள் சிரித்துக்கொண்டே தொட்டியில் இறங்கினார்கள். மேஸ்திரி பதறிவிட்டார்.

"சுண்ணாம்புல வெறுங்காலோட எறங்கறாளுங்களே, வெந்துடாது?"

"எல்லாம் புது ஆளுங்க மேஸ்திரி," என்று சமாளித்தேன்.

பிறகு அந்த இடம் வந்தது. உடைந்த படிக்கட்டில் தொப்பிக்காரனும் ராணியும் எதிரெதிரே நின்றார்கள். அவன் அவள் கையைப் பிடித்தான். அவளுடைய நீண்ட சால்வை சரிந்து இருவர் கையையும் மூடியது. திரையில் எழுத்து வந்து போனது. ஆர்மோனியக்காரர் வழக்கமான காதல் மெட்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் நாற்பது வார்த்தைக்கான இடம் அது. மேஸ்திரியும் திரும்பி என்னையே பார்த்தார்.

எங்கள் தோல் மண்டியில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒரு துண்டுக்கடியில் கையைக் கோத்து, விரலை அழுத்தியே பேசி முடிப்பார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு அந்த நேரத்தில் அதுதான் தோன்றியது.

"வெலை பேசறாங்க," என்றேன்.

கூடாரம் குலுங்கியது. மேஸ்திரி தொடையில் தட்டிக்கொண்டார்.

"யாரு கேக்கறது?"

"தொப்பிக்காரர் கேக்கறாரு. ராணியம்மா கட்டாதுன்றாங்க."

ராணி கண்ணீர் விட்டாள். "ரொம்பக் கொறைக்கறான் போல," என்று பரிதாபப்பட்டார்கள். "விட்டுக் குடுக்காதம்மா," என்று ஒருவர் புத்தி சொன்னார். ராணி அவன் மார்பில் சாய்ந்தாள். "படிஞ்சிடுச்சி," என்றேன். அவன் அவளை இறுகக் கட்டி வாயோடு வாய் வைத்தபோது கைதட்டல் காதைப் பிளந்தது. வியாபாரம் முடிந்த சந்தோஷம். தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் சத்தமே வரவில்லை. நான் இருந்த குஷியில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆட்டம் முடிந்ததும் மேஸ்திரி என் தோளில் கை போட்டார். "தொழில் தெரிஞ்ச பையன்," என்று எல்லாரிடமும் சொன்னார். தை மாதம் கல்யாணம் நடந்தது.

மூன்றாம் நாள் காலையில் அவள் எனக்குக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு அந்த எழுத்துல இன்னா இருந்துச்சு?"

"எந்த எழுத்து?"

"அதுங்க கையைப் புடிச்சிக்கினு நின்னப்போ வந்துச்சே."

"அதான் சொன்னேனே, வெலை."

"துண்டு போட்டுப் பேசறவங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க மாட்டாங்க. வேற எங்கனா பாப்பாங்க. அதுங்க மூஞ்சியத்தான் பாத்துச்சுங்க."

மாட்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னேன். "இந்த ஊர் மண்ணாப் போனாலும் போவட்டும், நீ கூப்புட்டா வர்றேன்னு ராணி சொன்னா."

அவள் என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

"பக்கத்து வீட்டு அக்கா வெள்ளிக்கெழமயே பாத்துட்டு வந்தாங்க. அந்த எடத்துல நீங்க பேசறத அப்படியே சொல்லிக் காட்டினாங்க. ரெண்டு நாளா எனக்கு அதே நெனப்பு. ஞாயித்துக்கெழம அதைக் கேக்கத்தான் வந்தேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்கக் கோபம் வந்தது. "உங்கப்பா எதிர்ல உக்காந்திருந்தாரு. அவர் காதுபட அதைச் சொல்லியிருந்தா உன்னைக் குடுத்திருப்பாரா?"

அவள் எழுந்து குழம்புச் சட்டியை எடுத்தாள்.

"குடுத்திருக்க மாட்டாரு," என்றாள். "நான் வந்திருப்பேன்."