வாத்துக்குஞ்சும் அக்காவோட உறை மோரும்

இப்ப ஃபிளாட்டுல வாத்து வளர்க்க முடியுமா? அப்ப புக்கிட் மேரா பக்கம் கம்பத்துல, அதான் கிராமத்து வீட்டுல, பன்னெண்டு குஞ்சு வச்சிருந்தேன். மஞ்சமஞ்சேர்னு இருக்கும். நான் வாளியைத் தூக்கினாலே வரிசையா பின்னாடி ஓடி வரும். பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான் அதுங்களைக் கண்டா ஆகாது. "காயப்போட்ட துணியெல்லாம் மிதிக்குது, ஒருநாள் குழம்பு வச்சிடுவேன் பாரு"ம்பாங்க. சிரிச்சுக்கிட்டேதான். உறை மோர் எப்பவும் அவங்ககிட்டதான் வாங்குவேன். அந்த மோர்ல உறையுற தயிரைக் கத்தியால வெட்டலாம், அவ்வளவு கெட்டி!

ஒரு மழைக்காலம். நம்ம வீட்டுக் கூரை எங்கே ஒழுகாதுன்னுதான் கேக்கணும். குஞ்சுங்களுக்குத் தேக்கா மார்க்கெட்டுல வாங்கின கடலைப் புண்ணாக்குல பூசணம் பிடிச்சிருச்சு. தூக்கிப் போட மனசு வருமா? தேய்ச்சுக் கழுவி, வெயில்ல காயவச்சுக் குஞ்சுங்களுக்கே போட்டேன். கொஞ்ச நாள்ல குஞ்சுங்க ஒண்ணொண்ணா சுருண்டு விழுந்துச்சு. நேரா அக்கா வாசலுக்குப் போய், "விஷம் வச்சிட்டீங்களே"ன்னு கத்தினேன். படார்னு கதவைச் சாத்திட்டாங்க. அப்புறம் அவங்க தோ பாயோ ஃபிளாட்டுக்குக் குடி போய்ட்டாங்க. கோயில்ல பார்த்தாலும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்குவோம்.

போன வாரம் பேத்தி சாப்பிட்டுக்கிட்டே அவ லேப் கதை சொன்னா. சோளத்துல, தீவனத்துல பூசணம் பிடிச்சா விஷம் உண்டாகுமாம். அந்த விஷத்தைச் சிதைக்கிற கிருமியைத்தான் வளர்க்கிறாளாம்.

"கிருமியா நல்லது செய்யுது?"

"உங்க தயிரும் கிருமி வேலைதான் பாட்டி."

"கழுவிக் காயவச்சா விஷம் போவாதா?"

"மேல இருக்கிற பூசணம் போகும், விஷம் உள்ளேயே நிக்கும். அதுலயும் வாத்துக்குஞ்சு தாங்கவே தாங்காது."

எடுத்த சோறு கையிலயே நின்னுச்சு.

மறுநாளே தோ பாயோவுக்கு பஸ் ஏறிட்டேன். அக்கா கதவைத் திறந்தாங்க, தலை பஞ்சா வெளுத்திருக்கு. "அக்கா, என் புண்ணாக்குதான் கொன்னுச்சு. நான்தான் அநியாயமா உங்க மேல பழி போட்டுட்டேன்"னேன்.

என்னையே பார்த்தாங்க. "இப்படிப் பழி வரும்னு தெரிஞ்சிருந்தா, அன்னைக்கே குழம்பாச்சும் வச்சிருப்பேனே லா!"

நாங்க சிரிச்ச சிரிப்புல எதிர்வீட்டு மலாய்க்காரம்மா எட்டிப் பார்த்துச்சு.

கிளம்புறப்ப, "உறை மோர் இப்ப யாருகிட்ட வாங்குறே?"ன்னாங்க.

"கடைத் தயிருதான்கா."

"அது தயிரா? தண்ணி!"ன்னு ஒரு டப்பாவுல உறை மோர் ஊத்திக் கொடுத்தாங்க. பஸ்ஸுல மடியிலயே வச்சுப் பிடிச்சுக்கிட்டு வந்தேன், ஒரு சொட்டு சிந்தல.

அன்னைக்கு ராத்திரியே பாலைக் காய்ச்சி, அந்த மோரை உறை ஊத்தினேன். காலையில பேத்தியைக் கூப்பிட்டு, "உன் லேப் கிருமி கிடக்கட்டும், எங்க அக்கா கிருமியைப் பாரு"ன்னு தயிரைக் கத்தியால வெட்டிக் காட்டினேன்.