மெட்ராசுக்குப் போகவில்லை

கீரமங்கலத்தில் அழகுமலை என்று கேட்டால், "அமராவதி வீட்டுக்காரரா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அதில் அவருக்கு ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் எது நடந்தாலும் அமராவதி சொல்லித்தான் நடந்தது. சமஸ்தானம் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த வருஷம் மேற்கே சரளைக் காட்டில் கிணறு வெட்ட வேண்டும் என்றாள். அங்கே பாறைதான் வரும் என்று ஊரே சொன்னது. நாற்பதாவது அடியில் தண்ணீர் வந்தது. கடலையைக் குறைத்துவிட்டு முல்லையும் சம்பங்கியும் போடச் சொன்னதும் அவள்தான். பூவைச் சந்தைக்குக் கொண்டுபோய் வியாபாரிகளிடம் வாய் கொடுத்து விற்றதும் அவள்தான். ஒரே மகள் ராசாத்தியை வல்லத்திராக்கோட்டையில் கொடுக்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டாரை வரச்சொன்ன பிறகுதான் அழகுமலையிடம் சேதி சொன்னாள்.

"ஒரு வார்த்த எங்கிட்ட கேக்கக் கூடாதா?" என்றார் அன்றைக்கு.

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

"நீ சொல்றதத்தான்."

"பெறகென்ன," என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

மகள் கல்யாணம் முடிந்த பிறகுதான் மார்பில் கட்டி இருந்ததைச் சொன்னாள். கல்யாண வேலையில் ஆறு மாதம் மறைத்து வைத்திருந்தாள். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பக்க மார்பை எடுத்தார்கள். அதன்மேல் ஒரு மாதம் கரண்டு வைத்தார்கள். கதிர் பாய்ச்சுவதை அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். தோல் கருகி, ரவிக்கை போட முடியாமல், வாழை இலையில் எண்ணெய் தடவி நெஞ்சில் போட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தாள். வலி ஆறியதும் மறுபடியும் தோட்டத்தில் இறங்கினாள். ஒன்றரை வருஷம் நன்றாகத்தான் இருந்தாள்.

அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதம், காலையில் எழுந்தவுடன் தலை வலிக்கிறது என்றாள். வெறும் வயிற்றில் வாந்தி வந்தது. பித்தம் என்று நினைத்தார்கள். பிறகு வலது கால் இழுத்தது. ஒருநாள் அரிவாளுக்குக் கையை நீட்டியவள், "அந்தச் சாவிய எடுங்க" என்றாள். அழகுமலை சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள். தப்பு எங்கே நடந்தது என்று இருவருக்கும் புரியவில்லை.

மாசியில் ஒருநாள் பூப் பறித்துக்கொண்டிருந்தவள் வலிப்பு வந்து விழுந்தாள். அவளுடைய தம்பி நாகராசு ஆலங்குடியில் பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். அவன்தான் கார் பிடித்து வந்து மதுரைக்குக் கொண்டுபோனான்.

டாக்டர் சின்ன விளக்கு வைத்த கருவியால் அவள் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். கையைத் தூக்கச் சொன்னார், விரலை மடக்கச் சொன்னார். பிறகு ஆண்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"மார்புல இருந்த புத்துநோய் மூளைக்குப் போயிருச்சு. இனிமே அறுத்து எடுக்க முடியாது," என்றார். "இங்க உள்ள மிஷினு தலைக்கு ஆகாது. மெட்ராசுக்கு எழுதித் தர்றேன். அங்க தலைக்குக் கரண்டு வைப்பாங்க. அஞ்சு வாரம் தங்கணும்."

"வச்சா சரியாப் போயிருங்களா?" என்று நாகராசு கேட்டான்.

"சரியாகாது. சிலருக்கு வலி கொறையும், பேச்சுத் தெளியும். ஆறு மாசம் கிடைக்கலாம். சிலருக்கு ஒண்ணுமே கேக்காது. இந்த அம்மா இருக்கிற நெலமையில ரயில் தாங்குமான்னும் சொல்ல முடியல."

"வைக்காட்டிங்க?" என்றார் அழகுமலை.

"ஒரு மாசம். கூடக் கொஞ்சம் இருக்கலாம். வலிக்கு மருந்து தர்றேன்." பிறகு, "அந்தம்மாகிட்ட இதெல்லாம் சொல்லவேண்டாம். நாளைக்குள்ள யோசிச்சு முடிவு சொல்லுங்க," என்றார்.

வெளியே வந்ததும் நாகராசு, "யோசிக்க என்ன மச்சான் இருக்கு? நாளைக்கே கெளம்புவோம். லீவு நான் போட்டுக்கிறேன்," என்றான்.

அழகுமலை தலையை ஆட்டினார். சம்மதம் என்றுதான் நாகராசு நினைத்துக்கொண்டான்.

வார்டில் அமராவதி சுவரோரக் கட்டிலில் படுத்திருந்தாள். அவர் உட்கார்ந்ததும், "என்ன சொன்னாரு?" என்றாள். அன்று அவளுக்குச் சொற்கள் ஓரளவு வந்தன.

"தலையில நீர் கோத்திருக்காம்."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் அவர் சொல்லி நிலைத்த பொய் ஒன்றுகூடக் கிடையாது. சிறிது நேரத்தில் அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மார்பு, மூளை, மெட்ராசு, அஞ்சு வாரம், ஆறு மாசம், ஒரு மாசம். டாக்டர் சொன்னதை அதே வரிசையில் ஒப்பித்தார்.

அமராவதி அழவில்லை. இடது கையால் வலது கையைத் தூக்கி வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"நீ என்ன சொல்ற?" என்று கேட்டார்.

அவள் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள். "எனக்கு... அலுப்பா இருக்கு. இத நீங்க சொல்லுங்க."

"நான் எப்பச் சொன்னேன், இப்பச் சொல்ல?"

"இத மட்டும்," என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அழகுமலை எழுந்து வெளியே போனார். கரண்டு வைக்கும் கட்டடத்தின் வாசலில் பெஞ்சு போட்டிருந்தது. போனமுறை முப்பது நாள் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இப்போதும் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கரண்டு வைக்கிற இடம் தெரிய, அவர்கள் கழுத்திலும் கன்னத்திலும் ஊதா மையால் கோடு போட்டிருந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை. ஒருவர் மட்டும் அவரைப் பார்த்து, "வாயில கட்டியா இருந்துச்சுங்க. இப்பக் கஞ்சி குடிக்கிறேன்," என்று தானாகவே சொன்னார். அந்த முகத்தில் சந்தோஷம் இருந்தது. அதைப் பார்த்ததும் மெட்ராசுக்கே போய்விடலாம் என்று அழகுமலைக்குத் தோன்றியது. அந்த எண்ணத்தோடுதான் வார்டுக்குத் திரும்பினார்.

அங்கே அமராவதி நர்சிடம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். "சாவி, சாவி" என்றாள். நர்சு அவள் தலையணைக்கு அடியில் தேடினாள், பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். "சாவி ஒங்கிட்ட இல்லம்மா, வீட்டுல இருக்கும்," என்று குழந்தையிடம் சொல்வதுபோலச் சொன்னாள். அமராவதியின் முகம் சிவந்து, கண் ததும்பியது. அழகுமலை ஒருமுறை பார்த்தார். "ஒண்ணுக்குப் போகணுங்கிறா," என்றார். நர்சு உடனே பாத்திரத்தை எடுத்துவந்தாள்.

மெட்ராசில் பெண்கள் வார்டில் ஆண்களை இருக்கவிட மாட்டார்கள். சாயங்காலம் ஒருமணி நேரம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வல்லத்திராக்கோட்டையில் ராசாத்தி ஏழு மாதக் கர்ப்பம், அவள் கூடவர முடியாது. சந்தையில் நாலு வியாபாரிகளை ஒரே மூச்சில் மடக்கியவள், ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, அதன் அர்த்தம் தெரியாதவர்கள் நடுவே ஐந்து வாரம் கிடப்பாள். அங்கேயே முடிந்துபோனாலும் போகலாம். இதற்குமேல் அவரால் யோசிக்க முடியவில்லை.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "வீட்டுக்குப் போவோம்," என்றார்.

அமராவதி அவரைப் பார்த்தாள். "சரி" என்றாள். அந்தச் சொல் தடுமாறாமல் வந்தது.

நாகராசு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சண்டை போட்டான். "எங்க அக்காளக் கொல்லத்தான் கூட்டிட்டுப் போறீங்க," என்று நாலு பேர் கேட்கச் சொன்னான். அவனே கடைசியில் கார் பிடித்துவந்து, அக்காளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கீரமங்கலம் வரை வந்தான்.

அதன்பிறகு நாற்பத்தொரு நாள் இருந்தாள். முதல் பத்து நாள் கட்டிலைத் தோட்டத்துக் கொட்டகையில் போட்டுப் படுக்கவைத்தார். பூப் பறிக்கிறவர்களை அங்கிட்டுப் போ, இங்கிட்டு வா என்று இடது கையாலேயே விரட்டினாள். ராசாத்தி இரண்டு தடவை வண்டி கட்டி வந்து பார்த்தாள். இரண்டாவது தடவை அமராவதி மகளின் வயிற்றில் கையை வைத்தபடி தூங்கிப்போனாள். அந்தக் கையை எடுக்க மனமில்லாமல் ராசாத்தி பொழுது சாயும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது அப்பாவிடம், "மெட்ராசுக்குக் கொண்டு போயிருந்தா ஆத்தா எம் பிள்ளையப் பாத்திருக்கும்," என்றாள்.

பிறகு வலிப்பு அடிக்கடி வந்தது. பார்வை போனது. மருந்து கொடுத்தும் தலைவலிக்குச் சில நாள் சுவரில் முட்டப் பார்த்தாள். அழகுமலை அவள் தலையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொள்வார். அந்த நாட்களில், தான் செய்தது சரிதானா என்று அவருக்கே தெரியவில்லை. சித்திரை ஒன்பதாம் நாள் காலையில், கஞ்சியை ஆற்றிக்கொண்டு வந்து பார்த்தபோது மூச்சு நின்றிருந்தது.

பிள்ளைத்தாய்ச்சி சாவு வீட்டுக்கு வரக் கூடாது என்று ராசாத்தியை விடவில்லை. வைகாசியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அழகுமலை போய்ப் பார்த்தபோது மாமியார்தான் பேசினாள். ராசாத்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிள்ளைக்கு அமராவதி என்று பெயர் வைத்த சேதியும் நாகராசு சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

அந்த வருஷம் ஆவணியில், முல்லை வாங்க வந்த வியாபாரி ஒருவர், தன் மைத்துனிக்கு இதே நோய் வந்து மெட்ராசில் கரண்டு வைத்து எட்டு மாதம் நன்றாக நடமாடினாள் என்று பேச்சுவாக்கில் சொன்னார். அழகுமலை பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு, "பேச்சு வந்துச்சா?" என்று கேட்டார். வந்தது என்றார் அவர். அன்றைக்கு அழகுமலை சாப்பிடவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் வல்லத்திராக்கோட்டைக்குப் போனார்.

ராசாத்தி தாழ்வாரத்தில் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அவர் நின்றுகொண்டே வியாபாரி சொன்னதைச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை.

ராசாத்தி குழந்தையின் தலையைத் துவட்டினாள். "ஆத்தாகிட்டக் கேட்டீங்களா அன்னைக்கு?"

"கேட்டேன். நீங்க சொல்லுங்கன்னுட்டா."

"ஆத்தாவா அப்படிச் சொல்லுச்சு?"

"அலுப்பா இருக்குன்னா."

ராசாத்தி குழந்தையைத் துணியில் சுற்றினாள். "நானா இருந்தா கொண்டு போயிருப்பேன்," என்றாள்.

"தெரியும் ஆத்தா."

அவள் எழுந்து குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். "கழுத்தப் பிடிச்சுக்கங்க. இன்னும் சரியா நிக்கல," என்று சொல்லிவிட்டு, அவருக்குச் சோறு எடுத்துவைக்க உள்ளே போனாள்.