ஃபிட்டர் கேட்ட துளை

எழுபதுகளில், மீஞ்சூர் பக்கம் ஓர் ஆய்வு நிலையத்தில், பவளப்பாறை மீன்களுக்கான பெரிய தொட்டிக்கு நான்தான் குழாய் வரைபடம் போட்டேன். குழாய்களைப் பொருத்திய ஃபிட்டர் ஒல்லியானவர். குழாயில் காதை வைத்தே நீரோட்டத்தைக் கணிப்பார்.

"கரண்ட் போனா பம்பு நின்னுடும் சார். தொட்டி அடிவரைக்கும் போற இந்தக் குழாயே தண்ணிய இஸ்துக்கினு கீழ பம்பு பக்கம் வுட்டுடும். தண்ணி மட்டத்துல ஒரு துளை போட்டா, காத்து பூந்து நின்னுடும்."

"பிளான்ல இல்லாதத செய்யாதீங்க."

மறுவாரம் மின்சாரம் நின்றது. தொட்டி வடிந்து மீன்கள் செத்தன. "யார் தப்பு?" என்று இயக்குநர் கத்தினார். வேலை போய்விடுமென்று பயந்து ஃபிட்டரைக் காட்டினேன். அவர் மறுக்கவில்லை. அன்றே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வுடு சார், நீயும் புள்ளகுட்டிக்காரன்" என்றார்.

எனக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்கவில்லை. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.