ஜோசபின் தனக்கே அனுப்பிக்கொண்ட மெயில்கள்

பெர்க்மான்ஸ் தூத்துக்குடிக்காரன். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. ஜோசபினைக் கட்டிய ஒன்றரை வருடத்தில் அவன் ஊரில் இருந்தது ஐந்தே மாதம். 1999இல், ஜோசபின் வளர்ந்த புனேயில், தாபோடியில் இரண்டு அறை வீடு ஒன்றைத் தன் பெயரில் வாங்கி, ஜோசபினையும் அவள் அம்மா மரியம்மாளையும் அதில் குடிவைத்தான். அடுத்த வாரமே சிஞ்ச்வட்டில் ஒரு கடையிலிருந்து கம்ப்யூட்டர் வந்து இறங்கியது.

"போன்ல பேச முடியாது ஜோசி. போர்ட்டுக்குப் போர்ட் சைபர் கஃபே இருக்கு. மெயில் போடுதேன். நீ இந்த பட்டனை அமுக்குனா போதும், வந்து விழுந்துரும்" என்று காட்டிக் கொடுத்தான். அமைப்புகளையெல்லாம் அவனே உட்கார்ந்து சரிசெய்துவிட்டுப் போனான்.

மெயில்கள் வந்தன. ஆங்கில எழுத்தில் தமிழ். நான்கு வரி, ஐந்து வரி. எஞ்சின் அறைச் சூடு, சமையல்காரன் போடும் உப்பில்லாத மீன், இவள் சாப்பிட்டாளா என்ற கேள்வி. கடைசியாக வந்தது 2000 நவம்பர் 14ஆம் தேதி, பிரேசிலில் சாந்தோஸ் என்ற துறைமுகத்திலிருந்து. மழை பெய்கிறது, நாளை மறுநாள் கப்பல் கிளம்புகிறது, அத்தையின் கால் வீக்கம் எப்படி இருக்கிறது. அவ்வளவுதான்.

டிசம்பர் 4ஆம் தேதி மும்பையிலிருந்து கப்பல் கம்பெனி ஆள் போன் செய்தார். நவம்பர் பதினைந்தாம் தேதி மாலை பெர்க்மான்ஸ் கரைக்குப் போனான், திரும்பவில்லை. ஒரு நாள் பார்த்துவிட்டுக் கப்பல் கிளம்பிவிட்டது. அங்கே போலீசில் சொல்லியிருக்கிறார்கள். "கப்பலை விட்டு ஓடிப்போனவர் என்றுதான் பதிவு செய்திருக்கிறோம் மேடம்" என்றார்.

ஜோசபின் சரி என்று சொல்லி ரிசீவரை வைத்தாள். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. போய் இறக்கிவைத்தாள். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். மரியம்மாள் நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதாள். ஜோசபினுக்கு அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருந்து பார்த்தாள். கை விறைத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி அவன் கல்யாணப் புகைப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் காலை அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. அவன் மெயில் போட்டிருப்பான். இந்தப் புரோகிராம்தான் அதை வாங்காமல் விட்டிருக்கும்.

அன்றிலிருந்து அவள் பழுது தேட ஆரம்பித்தாள். இணையச் சேவைக்காரர்களின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள்: "உங்க அட்ரஸுக்கு நீங்களே ஒரு மெயில் அனுப்புங்க. அது திரும்பி வந்தா போறதும் சரி, வர்றதும் சரி."

ஜோசபின் 'டெஸ்ட்' என்று எழுதித் தனக்கே அனுப்பினாள். அரை நிமிடத்தில் வந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. குப்பைப் பெட்டியில் தேடினாள். புரோகிராமுக்குள் 'ரூல்' என்று ஏதாவது இருந்து மெயிலை வேறு பெட்டிக்குத் திருப்பி வைத்திருக்கிறதா என்று பார்த்தாள். பட்டியல் தலைகீழாகிப் புது மெயில் அடியில் போய்விட்டதா என்று கடைசி வரை உருட்டிப் பார்த்தாள். இல்லை. மறுநாள் காலையிலும் 'டெஸ்ட்' அனுப்பினாள். அதற்கு மறுநாளும் அனுப்பினாள்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி அனுப்பிய 'டெஸ்ட்' திரும்பி வரவில்லை. பத்தாம் தேதியும் வரவில்லை. உதவி எண்ணில் லைன் சரியாக இருக்கிறது என்றார்கள். கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரர் கோகலேயே வந்து பார்த்தார். மோடத்தை மாற்றினார், புரோகிராமை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார், பழைய அமைப்புகளை அப்படியே ஏற்றினார். பயனில்லை. ஜோசபின் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, புரோகிராமில் இருந்த ஒவ்வொரு பக்கத்தையும் ஒவ்வொரு கட்டத்தையும் எழுதி, அது எதற்கு என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். பதினோராம் நாள் கண்டுபிடித்தாள். படித்த மெயிலின் நகல் சேவைக்காரரிடமும் இருக்கட்டும் என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டிருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று பெர்க்மான்ஸ்தான் போட்டிருந்தான். நகல்கள் சேர்ந்து சேர்ந்து அங்கே அவளுடைய பெட்டி நிரம்பிவிட்டது. நிரம்பிய பெட்டிக்கு யார் மெயில் போட்டாலும் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். உள்ளே சேராது.

டிக்கை எடுத்தாள். பெட்டி காலியானது. 'டெஸ்ட்' வந்தது. அந்தப் பதினோரு நாளில் யார் என்ன அனுப்பினார்கள் என்பது மட்டும் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. இதையும் அவள் நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தாள்.

கோகலே விஷயம் கேட்டு வியந்துபோனார். போசரி, சிஞ்ச்வட் பக்கத்துச் சின்னப் பட்டறைகள் பலவும் அவரிடம்தான் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தன. எல்லோருக்கும் மெயிலில்தான் தொல்லை. "நீங்க வந்து போன் எடுங்க, மேடம். எனக்குப் பொறுமை இல்லை" என்று இந்தியில் கேட்டார். ஏப்ரலிலிருந்து ஜோசபின் காலை லோக்கல் ரயிலில் ஏறி சிஞ்ச்வட்டில் இறங்கினாள்.

கூப்பிடுகிறவர்கள் கோபத்தோடுதான் கூப்பிடுவார்கள். காலையிலிருந்து ஒரு மெயில் போகாமல் நிற்கிறது, பார்ட்டி கத்துகிறான். ஜோசபின் கேட்பாள்: எத்தனை பெரிய படத்தைச் சேர்த்திருக்கிறீர்கள்? மொத்த வரைபடத்தையும் சேர்த்திருப்பார்கள். அது அடைத்துக்கொண்டு பின்னால் உள்ளவற்றையும் நிறுத்தியிருக்கும். பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கிறதா? கீபோர்டில் மேலே பச்சை விளக்கு எரிகிறதா பாருங்கள், பெரிய எழுத்து விழுகிறது. ஒன்றுமே வரவில்லையா? 'ஆஃப்லைன்' என்பதில் டிக் இருக்கிறதா? சிலர் கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள். அவள் குரல் மாறாது. அடுத்த கேள்வியைக் கேட்பாள். ஜோசபின் மேடம் போல சாந்தமான ஆள் கிடையாது என்று பட்டறைக்காரர்கள் கோகலேயிடம் சொன்னார்கள். அது சாந்தம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். உள்ளே எதுவும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். திட்டும் சேரவில்லை, பாராட்டும் சேரவில்லை.

வீட்டில் ஒவ்வொரு காலையும் குளித்துவிட்டு வந்து 'டெஸ்ட்' அனுப்புவாள். வந்ததும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ரயிலுக்குக் கிளம்புவாள். 2004இல் பிராட்பேண்ட் வந்தது. மறுவருடம் கம்ப்யூட்டரையே மாற்றினாள். மெயில் கோப்பை மட்டும் பழையதிலிருந்து புதியதற்கு ஒன்றுவிடாமல் ஏற்றினாள். அவனை எதிர்பார்த்துத்தான் செய்கிறாளா என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது. மரியம்மாள் மட்டும் ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டாள், "என்னட்டி தினம் அதுல பாக்க?"

"லைன் சரியா இருக்கான்னு பாக்கேன்மா."

2007 கடைசியில் குடியிருப்புச் சொசைட்டியின் செயலாளர் வந்தார். கட்டடம் விரிசல் விட்டுவிட்டது, இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். எல்லா உரிமையாளரும் கையெழுத்துப் போட வேண்டும். வீடு பெர்க்மான்ஸ் பெயரில் இருந்தது.

ஜோசபின் மும்தாஜிடம் போனாள். மும்தாஜ் கட்கி பஜாரில் துணிக்கடை வைத்திருந்த தமிழ் ராவுத்தர் வீட்டுப் பெண். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். இப்போது சிவாஜிநகர் கோர்ட்டில் வக்கீல்.

"ஏழு வருஷம் ஒரு ஆளைப் பத்தி எந்தத் தகவலும் இல்லன்னா இறந்துட்டதா கோர்ட் எடுத்துக்கும் ஜோசி. தகவல் வந்திருக்க வேண்டியவங்களுக்கு வரலைன்னு காட்டணும். அவரு உனக்கு மெயில்லதானே பேசுவாரு? அப்ப மெயில் வரலைன்னுதான் நிரூபிக்கணும். வராததை எப்படிக் காட்டுறது, அதான் முஷ்கில்."

ஜோசபின் சொன்னாள், "தினம் டெஸ்ட் மெயில் இருக்கு."

"எத்தனை நாளா?"

"ஏழு வருஷமா."

மும்தாஜ் அதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டாள். பிறகு, "எல்லாத்தையும் பிரிண்ட் எடு" என்றாள்.

தேதியும் நேரமும் மட்டும் அச்சிட்டதில் எழுபது பக்கம் வந்தது. போலீஸ் புகார் நகல், பேப்பரில் கொடுத்த விளம்பரம், கப்பல் கம்பெனிக் கடிதம் எல்லாம் சேர்த்து மனு போட்டார்கள். தூத்துக்குடியில் இருந்த பெர்க்மான்ஸின் அக்கா அமலாவுக்கும் நோட்டீஸ் போனது. அன்று சாயங்காலமே போன் வந்தது.

"நீயே அவன சாவடிக்கப் பாக்கியா ஜோசபின்?"

"இல்ல மைனி. வீட்டுக்குக் கையெழுத்து வேணும்."

"வீட்டுக்காகவா? அவன் எங்கயோ இருக்காம்ட்டி. மெயில் போட்டுருப்பான். ஒம் பெட்டிதான் கெட்டுக் கெடந்துருக்கும்."

மறுபக்கம் அமலா அழுவது கேட்டது. முடியும்வரை ஜோசபின் ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தாள்.

சாட்சி சொல்வதற்கு முந்தைய நாள் மும்தாஜின் அறையில் அவள் நோட்டைத் திறந்து 2001 பிப்ரவரிப் பக்கத்தைக் காட்டினாள். மும்தாஜ் படித்துவிட்டு மூடினாள்.

"இதை யாரும் கேக்கப் போறதில்லை. நீயா சொல்லாத."

"கேட்டா?"

"அரே, எழுபது பக்கத்துல யாருடி பிப்ரவரியைத் தேடுவாங்க?"

2008 செப்டம்பரில் விசாரணை வந்தது. ஜோசபின் கூண்டில் நின்று இந்தியில் சாட்சி சொன்னாள். நீதிபதி வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பக்கங்களைப் புரட்டினார். போன் லைன் செத்திருந்த நாட்களில் வந்த மெயில் என்னவாகும் என்று கேட்டார். சேவைக்காரரிடம் காத்திருக்கும், லைன் வந்ததும் இறங்கும், எதுவும் காணாமல் போகாது என்றாள். நீதிபதி திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"அப்படியானால் இந்த ஏழு வருடத்தில் உங்களுக்கு வந்த மெயில் ஒன்றுகூடத் தவறியிருக்க வாய்ப்பில்லை?"

மும்தாஜ் நிமிர்ந்து பார்த்தாள்.

"பதினோரு நாள் தவறியிருக்கலாம், சார்" என்றாள் ஜோசபின்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். டிக், நிரம்பிய பெட்டி, தேதிகள். பட்டறைக்காரர்களிடம் சொல்லும் அதே குரலில் சொன்னாள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த நாட்களில் அவர் எழுதியிருந்தால்?"

"அவருக்கே திரும்பிப் போயிருக்கும், சார். போய்ச் சேரவில்லை என்று அறிவிப்பும் போயிருக்கும்."

"பிறகு அவர் மறுபடி எழுதியிருக்கலாம் அல்லவா?"

"எழுதியிருக்கலாம்."

"வந்ததா?"

"வரவில்லை."

தண்ணீர் வேண்டுமா என்று ஊழியர் கேட்டார். வேண்டாம் என்றாள்.

வெளியே வராந்தாவில் மும்தாஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாகல், பைத்தியம் நீ" என்றாள். கோபம் இல்லை. தீர்ப்பு ஆறு வாரம் கழித்து வந்தது. பெர்க்மான்ஸ் இறந்துவிட்டதாகக் கருதலாம். மனுதாரர் தன் தரப்புப் பழுதையும் மறைக்காமல் சொன்னதால் அவர் சாட்சியத்தை முழுமையாக நம்பலாம் என்று நீதிபதி ஒரு வரி எழுதியிருந்தார். மும்தாஜ் அந்த வரியைப் படித்துக் காட்டினாள். ஜோசபின் கேட்டுக்கொண்டாள். தீர்ப்பின் நகல் ஒன்றைத் தூத்துக்குடிக்குத் தபாலில் அனுப்பினாள். அமலாவிடமிருந்து பதில் இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு ஒரு பார்சல் வந்தது. உள்ளே பெர்க்மான்ஸின் பள்ளிச் சான்றிதழ், சின்ன வயதில் புதுநன்மை வாங்கிய நாளில் எடுத்த புகைப்படம், ஒரு டப்பா மக்ரூன். கடிதம் இல்லை. மரியம்மாள் மக்ரூனைத் தட்டில் எடுத்து வைத்தாள். இருவரும் சாப்பிட்டார்கள்.

சொசைட்டிக் காகிதத்தில் ஜோசபின் கையெழுத்துப் போட்டாள். அதில் அவள் பெயருக்குப் பக்கத்தில் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. 'விதவை' என்று மராத்தியில் செயலாளரே எழுதிக்கொண்டார்.

ஜனவரியில் மரியம்மாளின் வற்புறுத்தலுக்காகக் கட்கியில் மாதா கோவிலுக்குப் போய்ப் பெர்க்மான்ஸின் ஆன்மாவுக்காக ஒரு பூசை எழுதி வைத்தாள். தமிழ்ப் பூசை வைக்கும் சாமியார் இளையவர், நாகர்கோவிலிலிருந்து புதிதாக வந்தவர். ரெஜிஸ்டரைத் திறந்து பெயரை எழுதிக்கொண்டார்.

"இறந்த தேதிம்மா?"

"கோர்ட் பேப்பர்ல தேதி இல்ல ஃபாதர்."

"அப்போ எந்த நாள்னு போடட்டும்?"

ஜோசபின் யோசித்தாள். நவம்பர் பதினைந்து வாயில் வந்தது. அன்று அவன் கரைக்குப் போனான், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைப் பதிவேட்டில் எழுதச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"தெரியலன்னு போடுங்க ஃபாதர்" என்றாள்.

அவர் கட்டத்தைக் காலியாகவே விட்டார். பூசை அடுத்த சனிக்கிழமை காலை ஆறரைக்கு. மரியம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்து அழுதாள். ஜோசபின் பக்கத்தில் உட்கார்ந்து, பெயர் வாசிக்கும்போது தலை குனிந்தாள். பூசை முடிந்ததும் அம்மாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, கட்கி ஸ்டேஷனில் சிஞ்ச்வட் லோக்கலுக்கு நின்றாள். அன்று காலையும் 'டெஸ்ட்' வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தாள். சனிக்கிழமை பட்டறைகளுக்கு அரை நாள்தான். ஆனாலும் கூப்பிடுவார்கள்.