எண்ணெய் போட்ட பூட்டு

பல் மருத்துவமனையின் பின்னறையில் பல் செட் செய்கிறவளை எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "இந்தத் தெருவுல பாதிப்பேர் சிரிக்கிறது என் சிரிப்பு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கணவர் போன பிறகு அந்தப் பேச்சும் நின்றுவிட்டது.

அவர் பேருந்து ஓட்டுநர். சொந்த வீட்டின் பக்கவாட்டு அறையில் நோயில் படுத்தவர் அங்கேயே கண்ணை மூடினார். அதற்கப்புறம் அவளுக்கு அந்த வீட்டில் தூக்கம் பிடிக்கவில்லை. அவருடைய சாய்வு நாற்காலியையும் காக்கிச் சட்டைகளையும் அந்த அறையில் வைத்துப் பூட்டினாள். மற்றதை வாடகைக்கு விட்டு, மேற்பார்வையைத் தம்பியிடம் ஒப்படைத்தாள். மருத்துவமனைக்குப் பக்கத்தில் மூன்றாவது மாடியில் குடியேறினாள்.

இப்போது மாடிப்படியோடு முழங்காலுக்குத் தினமும் சண்டை. வீட்டை விற்றால் தரைத்தளத்தில் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

"அந்த ரூமை மட்டும் என் கையால ஒழிச்சிடறேன்டா. அப்புறம் வித்துடலாம்" என்பாள்.

"இப்ப வேணாங்க்கா. குடியிருக்கிறவங்க வம்பு புடிச்சவங்க. நீ போய் நின்னா கேஸு கீஸுன்னு இழுப்பாங்க. கொஞ்சம் பொறு. மாமா ரூமை நான் கண்ணும் கருத்துமா பாத்துக்கறேன்ல?"

வருஷா வருஷம் இதே பதில்தான். அவளும் பொறுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பியிடம் சொல்லாமல் சாவியோடு கிளம்பிவிட்டாள். பக்கத்துச் சந்து வழியாகப் போனால் யாரையும் பார்க்காமலே அந்த அறைக்குப் போய்விடலாம். பூட்டு துருப்பிடித்திருக்கும் என்று நினைத்தாள். சாவி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. 'எண்ணெய் போட்டு வச்சிருக்கான் பிள்ளை' என்று மனம் இளகிப்போனது.

கதவைத் தள்ளினாள். உள்ளே வாளி ஒன்று உருண்டது.

"ஐயோ, யாரு?" ஒரு பெண் கரண்டியோடு திரும்பினாள். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. பின்சுவரை இடித்து ஒரு புது வாசல் வைத்திருந்தார்கள். பூச்சு, அவள் செய்யும் செயற்கை ஈறுபோல வழுவழுவென்று இருந்தது.

"இந்தக் கதவு திறக்கவே திறக்காதுன்னாங்களே!"

"யாரு சொன்னா?"

"வீட்டுக்காரர்தான். அவங்க அக்கா எப்பவாவது வந்தா பூட்டு கண்ணுல படணுமாம், அதைத் தொடக்கூடாதுன்னாரு. நாங்க இந்த ரூமுக்கு வாடகைக்கு வந்து நாலு வருஷமாச்சு."

"உள்ள ஒரு நாற்காலி இருந்துச்சே?"

"நாங்க வர்றப்பவே காலியாத்தான் இருந்துச்சும்மா. இந்தப் பலகை மட்டும் இருந்துச்சு."

அவர் விடுமுறை நாளில் ஆணி அடித்து மாட்டிய பலகை. ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். 'பஸ்ஸைத் திருப்புற கைக்குப் பலகை எப்படி நேரா வரும்' என்று அவள் கேலி செய்வாள். அதன்மேல் இப்போது அந்தப் பெண்ணின் டப்பாக்கள் வரிசையாக, சாய்வாக நின்றன.

யார் போன் செய்தார்களோ, தம்பி மூச்சிரைக்க வந்து நின்றான்.

"அக்கா, சொல்லாம கொள்ளாம... சும்மா பூட்டிக் கிடந்துச்சேன்னுதான். இதை மனசுல வச்சுக்கிட்டு இப்பவே வித்துடாத. இன்னும் கொஞ்சம் பொறு."

"எதுக்குடா பொறுக்கணும்? ரூமைக் காலி பண்ணத்தானே காத்திருந்தேன். நீதான் பண்ணிட்டியே."

அவள் பூட்டையும் சாவியையும் அவன் கையில் வைத்தாள். அவள் உள்ளங்கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தது.

"கொஞ்சம் சோப்பு குடும்மா, கையைக் கழுவிக்கறேன்" என்றாள் அந்தப் பெண்ணிடம். "அப்புறம் உக்காந்து பேசலாம். இந்த வீட்டை விக்கப் போறேன். நீங்க வாங்கிக்கிறதுன்னா, முதல்ல உங்களுக்குத்தான்."