லென்ஸ் வாங்கப் போன இடத்தில்

ஒரு நடன அரங்கேற்றத்தைப் படம் எடுக்க லென்ஸ் வாங்கணும்னு இன்னைக்குப் பழவங்காடியில ஒரு கேமரா கடைக்குப் போனேன். நிறைய வெளிச்சம் உள்ள விட அபர்ச்சர் பெருசா திறக்கிறதா, ஸ்டெபிலைசேஷன் உள்ளதா, அதுதான் குழப்பம்.

கடைக்காரர் மலையாளம் கலந்து சொன்னார்: "நடனத்துக்கு அபர்ச்சர் மதி, அதுவே போதும், சேச்சி. ஸ்டெபிலைசேஷன் உங்க கை ஆட்டத்தைத்தான் நிறுத்தும், ஆடுறவங்களை இல்லல்லோ."

"என் கைக்கு என்ன? பன்னிரண்டு வருஷமா கல்யாணம் எடுக்கிறேன்."

ரெண்டையும் மாட்டி, எதிர் அலமாரியில இருந்த பெட்டியைப் படம் எடுத்துப் பார்த்தேன். ஸ்டெபிலைசேஷன் லென்ஸ்ல எழுத்து பளிச்சுனு இருந்தது. மற்றதுல ஒவ்வொரு எழுத்தும் ரெண்டாத் தெரிஞ்சது.

"இந்த லென்ஸ் சரியில்ல."

அவர் கேமராவை வாங்கி, அதே லென்ஸ்ல, அதே செட்டிங்ல, அதே பெட்டியைப் படம் எடுத்தார். துல்லியமா இருந்தது.

"தப்பா நினைக்காதீங்க, சேச்சி. வலது கையைக் கொஞ்சம் நீட்டுங்க."

நீட்டினேன். விரல் தானா நடுங்குச்சு. நிறுத்தப் பார்த்தேன், நிக்கல.

அவர் ஸ்டூல் போட்டு, தண்ணி கொடுத்தார். டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுத்தான் குடிச்சேன். மூணு மாசமா படம் கலங்கினப்போ எல்லாம் மண்டபத்து வெளிச்சத்தைத் திட்டினது ஞாபகம் வந்தது.

வெளியே வந்து என் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணினேன்.

"வாங்கியாச்சா?"

"இல்ல. பயமா இருக்கு. வந்து கூட்டிட்டுப் போறீங்களா?"

ஏன்னு கூட கேக்கல. கழக்கூட்டம் ஆபீஸ்ல இருந்து கிளம்பிட்டார். நான் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்து, இடது கையால இதை டைப் பண்றேன்.

நல்ல நரம்பு டாக்டர் தெரிஞ்சவங்க கமெண்ட்ல சொல்லுங்க. அபர்ச்சரைப் பத்தின சண்டையை வேற போஸ்ட்ல வச்சுக்கலாம்.